மாங்கா தொகுதியில் அத்தியாயங்களுக்கு நடுவே ஒற்றைப் பக்கம் ஏன்?

ஜப்பானில் மாங்கா எனப்படும் காமிக்ஸ் கதைகள் முதலில் வார, மாத இதழ்களில் தொடராக வரும். வார இதழ்த் தொடரில் சுமார் ஒன்பது பத்து அத்தியாயங்கள் சேர்ந்ததும் அவை 'டாங்கோபான்' என்ற தனித் தொகுதியாகும். அதற்கு முன் ஓவியர் எல்லாப் பக்கங்களையும் மறுபடி பார்த்துத் திருத்துவார். இதில் கதை மாறுவது அபூர்வம். பெரும்பாலான வேலை, இதழும் புத்தகமும் அச்சாகும் விதம் வேறு வேறு என்பதால் வருகிறது.

வார இதழில் ஒரு அத்தியாயம் சுமார் 19 பக்கம். மாங்கா வலமிருந்து இடமாகப் போவதால் ஒற்றைப்படைப் பக்கங்கள் இடப்புறம் விழும், இரட்டைப்படை வலப்புறம். முதல் அத்தியாயம் 1-ஆம் பக்கத்தில் தொடங்கினால் 19-இல் முடியும். அடுத்தது 20-இல் தொடங்க வேண்டும். அதன் இரண்டாம், மூன்றாம் பக்கங்களைச் சேர்த்து ஒரே பெரிய சண்டைக் காட்சி வரைந்திருந்தால், அது 21, 22-க்குப் போய்விடும். அவை ஒரே தாளின் முன்னும் பின்னும்! காட்சி பாதியாக உடைந்துவிடும். புரட்டியதும் தெரிய வேண்டிய திருப்பமும் எதிர்ப்பக்கத்தில் முன்கூட்டியே கண்ணில் பட்டுவிடும்.

இதைத் தடுக்கத்தான் நடுவில் ஒரு பக்கம். பாத்திர அறிமுகமோ சின்னப் படமோ அதில் வரும். 19-உடன் ஒன்று சேர்த்தால் 20; ஒன்பது அத்தியாயத்துக்கு 180. அச்சகத்தில் ஒரே பெரிய தாளில் அச்சிட்டு மடிக்கும் பக்கக் கட்டுக்கு ஃபாரம் என்று பெயர்; 16 பக்கம் ஒரு ஃபாரம் என்று வைத்தால் 12 ஃபாரத்துக்கு 192 பக்கம். மிச்சம் 12 பக்கத்தில் தலைப்பு, பொருளடக்கம், பதிப்பு விவரம், போனஸ் படங்கள் எல்லாம் அடங்க வேண்டும்.

அடுத்த சிக்கல் அளவு. ஓவியர் வரையும் மூலப் பக்கத்தின் வெட்டு அளவு (ஓரம் வெட்டிய பின் நிற்பது) பொதுவாக 220 × 310 மி.மீ. இதழில் அது 182 × 257 ஆகச் சுருங்கும். சிறுவர்களுக்கான தொகுதியில் சுமார் 113 × 176 தான். அதாவது மூலத்தில் ஏறக்குறைய 55 சதவீதம். சாம்பல் நிழலைக் காட்டப் பயன்படும் புள்ளிக் கோலம்தான் ஸ்கிரீன் டோன். அங்குலத்துக்கு 60 புள்ளி வரி கொண்ட டோன் இந்தச் சுருக்கத்தில் 100 வரியைத் தாண்டி நெருங்கிவிடும். வெளிர் டோனின் புள்ளிகள் அச்சில் காணாமல் போகும், அடர் டோன் மை அடைத்துக் கறுப்புத் திட்டாகும். கணினியில் வரைந்த பக்கத்தைப் படமாக அப்படியே சுருக்கினால் புள்ளிகள் ஒழுங்கு தவறி அலை அலையான கோலம் தெரியும். அதனால் கோடுகளையும் டோனையும் தனித்தனி லேயரில் வைத்து, இறுதி அளவில் டோனைப் புதிதாகப் போடுவதே சரி.

இதழில் வண்ணத்தில் வந்த தொடக்கப் பக்கங்கள் தொகுதியில் பெரும்பாலும் கறுப்பு வெள்ளையாகும். சிவப்பு அங்கியும் பச்சைக் காடும் ஒரே சாம்பலாகக் கலந்துவிட்டால் ஓவியர் டோனை மாற்றிப் பிரித்துக் காட்டுவார். பக்க ஓரத்தில் ஆசிரியர் குழு எழுதிய விளம்பர வரிகள் நீக்கப்படும்.

இவ்வளவும் அடுத்த வார அத்தியாயத்தை வரைந்துகொண்டே நடக்கிறது. எனவே வாசகரைக் குழப்பும் பிழைகளுக்கே முதலிடம்: இடக்கண் காயம் வலக்கண்ணுக்கு மாறியது, வசனத்தில் பெயர் தவறியது. முகங்கள் அதற்குப் பிறகு. பின்னணியை உதவியாளர்கள் பார்ப்பார்கள். வசனத்தில் நான்கு சொல் கூடினாலே அதைச் சுற்றிய பலூன் வட்டம் பெரிதாகும், அது பக்கத்திலுள்ள தலைமுடியை மறைக்கும், அங்கேயும் மறுபடி வரைய வேண்டும்.

கதையிலேயே கைவைத்தவர்களும் உண்டு. கட்சுஹிரோ ஒட்டோமோவின் 'அகிரா' இதழில் 1990-இல் முடிந்தது. கடைசித் தொகுதி 1993-இல்தான் வந்தது, முடிவில் புதிதாக வரைந்த பக்கங்களோடு. கென்டாரோ மியுரா, 'பெர்செர்க்' உலகின் ரகசியத்தை அதிகமாக வெளிப்படுத்திய 83-ஆம் அத்தியாயத்தைத் தொகுதியில் சேர்க்கவே இல்லை.