சந்தி கடைத்தெருவாகும்போது: கடை எடுப்பவர் கையில் இருக்க வேண்டிய பத்திரங்கள்

திருகோணமலை கடலால் இறுக்கப்பட்ட நகரம். கிழக்கே விரிகுடாவும் மேற்கே உட்துறைமுகமும் நெருக்க, பிரெட்ரிக் கோட்டையும் கடற்படைத் தளமும் பெரும் நிலப்பரப்பைத் தம்வசம் வைத்திருக்க, பிரதான வீதி, மத்திய வீதி, ஏகாம்பரம் வீதி என்று அமைந்த பழைய கடைத்தெருவுக்கு விரிந்துகொள்ள இடம் போதவில்லை. ஆகவே வியாபாரம் தரைவழி இருக்கும் பக்கத்தை நோக்கி நகர்ந்தது. ஹொரவப்பொத்தானைப் பக்கமிருந்து வரும் ஏ12 நெடுஞ்சாலையும், ஹபரணை, கந்தளாய் வழியாக வரும் ஏ6 நெடுஞ்சாலையும் நகருக்குள் நுழையும் பக்கத்தில் இருக்கிறது அநுராதபுரச் சந்தி. 2009 ஆம் ஆண்டு கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டு, அப்பக்கத்து மக்கள் மிதவைப் பாதைக்குக் காத்திராமல் பொருள் வாங்க வரத் தொடங்கிய பின்னர், நகரின் நுழைவாயிலில் இருக்கும் இவ்வாறான சந்திகளின் பெறுமதி இன்னும் கூடியது. இப்போது நிலாவெளி வீதியில் உப்புவெளிப் பக்கமாக உள்ள சந்திகளிலும் அதே மாற்றம் தெரிகிறது.

பத்திரங்களை எழுதி அத்தாட்சிப்படுத்தும் நொத்தாரிசாகத் தொழில் செய்யும் எனக்கு இந்த வளர்ச்சி பத்திரங்களின் வழியாகவே தெரியவருகிறது. ஒரு சந்தி ஒரே நாளில் கடைத்தெருவாவதில்லை. முதலில் ஒரு வீட்டின் முன்விறாந்தை அடைக்கப்பட்டு அதற்கு ஷட்டர் போடப்படும். அடுத்த வீட்டுக்காரர் மதிலை உடைத்துத் தொலைபேசிக் கடைக்கு இடம் கொடுப்பார். பிறகு மருந்தகம், நிதி நிறுவனம், மாடிக் கட்டிடம் என்று வரிசை நீளும். கட்டிடம் மாறும் வேகத்தில் பத்திரம் மாறுவதில்லை. வெளியே பெயர்ப்பலகை மின்னிக்கொண்டிருக்க, உறுதியில், அதாவது காணியின் உரிமைப் பத்திரத்தில், அது இன்னும் தென்னை, மா, கிணறு சகிதம் ஒரு குடியிருப்புக் காணியாகவே கிடக்கும். இந்த இடைவெளியின் பாரம் பெரும்பாலும் காணிக்காரர் மீது விழுவதில்லை. முற்பணம் கொடுத்து, அலுமாரி அடித்து, சரக்கு இறக்கி, அந்தச் சந்திக்கு ஆட்களை வரவழைத்த வாடகைக்காரர் மீதே விழுகிறது. ஆகவே இக்கட்டுரையைக் கடை எடுக்கப் போகிறவர்களுக்காகவே எழுதுகிறேன்.

மிகச் சாதாரணமாக நடப்பதிலிருந்து தொடங்குகிறேன். வீட்டுக்காரரும் வியாபாரியும் அயலவர்கள், நம்பிக்கை இருக்கிறது. ஐந்து வருடத்துக்கு என்று பேசி, முத்திரை ஒட்டிய தாளில் இருவரும் கையொப்பமிட்டு, பெருந்தொகை ஒன்றை முற்பணமாகக் கொடுத்து வாங்கிக்கொள்கிறார்கள். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட காலத்துக்கான குத்தகை எழுத்தில் இருக்க வேண்டும்; அது நொத்தாரிசு ஒருவரின் முன்னும், ஒரே நேரத்தில் கூடியிருக்கும் இரண்டு சாட்சிகளின் முன்னும் கையொப்பமிடப்பட்டு அத்தாட்சிப்படுத்தப்பட வேண்டும். அப்படிச் செய்யப்படாத ஐந்து வருடக் குத்தகை சட்டத்தின் முன் ஐந்து வருடக் குத்தகையே அல்ல. கடையை எடுத்து வாடகையும் கட்டி வந்தீர்கள் என்பதனால் நீங்கள் மாத வாடகைக்காரர் ஆகிறீர்கள், அவ்வளவுதான். 1972 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க வாடகைச் சட்டம் பாதுகாக்கும் என்று சிலர் நம்பியிருக்கிறார்கள்; ஆனால் அச்சட்டத்தின் பாதுகாப்புக்கு வெளியே நிற்கும் வியாபாரக் கட்டிடங்கள் பல உள்ளன. உங்கள் கடை எந்தப் பக்கத்தில் விழுகிறது என்பதைச் சரக்கு இறக்குவதற்கு முன்னர் அறிந்துகொள்ள வேண்டும்.

மாத வாடகைக்காரராக இருப்பதன் முழு விளைவு, வீதி அகலிக்க வரும்போதுதான் வெளிப்படும். கொழும்பின் புறத்தே உள்ள நுகேகொடையைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். ஹைலெவல் வீதியையும் களனிவெளி ரயில் பாதையையும் ஒட்டி வளர்ந்த அந்தச் சந்தி இன்று நாட்டின் பேர்பெற்ற கடைத்தெருக்களில் ஒன்று. அங்கு மேம்பாலமும் வந்தது. கடை பெருகினால் வாகனம் பெருகும், வாகனம் பெருகினால் வீதி அகலும், வீதி அகன்றால் முன்வரிசைக் கடைகளின் முகப்புப் போகும். அரசு காணியை எடுப்பது 1950 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கக் காணி எடுத்தற் சட்டத்தின் கீழாகும். அச்சட்டத்தில் நட்டஈடு கோரக்கூடிய ‘அக்கறையுடைய ஆள்’ என்பதற்குள் உரிமையாளர், கூட்டு உரிமையாளர், ஈடு (அடமானம்) பிடித்தவர், குத்தகைக்காரர் ஆகியோர் அடங்குவர். மாத வாடகைக்காரர் அடங்கமாட்டார் என்று பொருள்கோடல் பிரிவே சொல்கிறது. பதினைந்து வருடம் வியாபாரம் நடத்தியவராயினும், நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட்ட குத்தகை இல்லாவிட்டால், நட்டஈட்டு விசாரணையில் அவர் தனது பெயரில் உரிமை கோர முடியாத நிலை ஏற்படுகிறது. நொத்தாரிசுக் கட்டணத்தை மிச்சம் பிடித்ததன் விலை இது என்று சொன்னால் கட்சிக்காரர்கள் என்மீது கோபப்படுவதுண்டு. ஆனால் சொல்லாமல் இருக்க முடிவதில்லை.

குத்தகையை எழுதினால் மட்டும் போதாது. அதைக் காணிப் பதிவகத்தில் பதிய வேண்டும். 1927 ஆம் ஆண்டின் 23 ஆம் இலக்க ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்படி, பதியப்படாத ஆவணம் ஒன்று, அதற்குப் பின்னர் பெறுமதி கொடுத்துப் பெறப்பட்டு முறையாகப் பதியப்பட்ட ஆவணத்துக்கு எதிரே வலுவிழக்கும். உங்கள் குத்தகை அலுமாரிக்குள் பத்திரமாக இருக்க, உரிமையாளர் அதே காணியை வேறொருவருக்கு விற்றோ வங்கிக்கு ஈடு வைத்தோ விடுவாரானால், முதலில் பதிவேட்டில் ஏறியவருக்கே முன்னுரிமை. ஆகவே கையொப்பமிடுவதற்கு முன்னர் பதிவேட்டைத் தேடிப் பார்ப்பதும், கையொப்பமிட்டவுடன் தாமதியாமல் பதிவதும் ஒரே வேலையின் இரு பாதிகள். பதிவேட்டில் பாகப்பிரிவினை வழக்குப் பற்றிய குறிப்பு ஏதேனும் இருக்கிறதா என்பதையும் கவனிக்க வேண்டும். 1977 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கப் பிரிவிடல் சட்டம், அக்குறிப்புப் பதியப்பட்டு வழக்கு முடியும் வரைக்கும் பிரிக்கப்படாத பங்கை விற்பதையும் குத்தகைக்கு விடுவதையும் ஈடு வைப்பதையும் செல்லாததாக்குகிறது.

அடுத்தது வீதியின் விளிம்பு. கண்ணுக்குத் தெரியும் தார் விளிம்போ வடிகாலோ வீதியின் எல்லை அல்ல. வீதிக்கோடு, கட்டிடக்கோடு என்ற இரண்டும் வரைபடத்தில் இருப்பவை. அவற்றுக்கு உட்பட்ட நிலம் உங்கள் உறுதியில் இருந்தாலும், அங்கே நிரந்தரக் கட்டிடம் எழுப்பும் உரிமை கட்டுப்படுத்தப்பட்டிருக்கும். ஏ, பி வகுப்பு வீதிகளுக்கு வீதி அபிவிருத்தி அதிகார சபையும், சி, டி வகுப்பு வீதிகளுக்கு மாகாண வீதித் திணைக்களமும், ஏனைய உள்வீதிகளுக்கு உள்ளூராட்சி மன்றமும் பொறுப்பு. சந்தியின் மூலைக் காணிக்கு இரண்டு வீதிகள் இருப்பதால் இரண்டு கோடுகளும், சில வேளைகளில் இரண்டு நிறுவனங்களும் இருக்கும் என்பதைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. பெரிய வீதியின் சான்றிதழைக் காட்டி ‘எல்லாம் சரி’ என்று சொல்லப்படும் மூலைக் கடைகளில், ஒழுங்கையின் கோடு கல்லாப்பெட்டிக்குப் பின்னால் ஓடுவதை நான் நில அளவைப் பிளானில் கண்டிருக்கிறேன். திரும்பும் வாகனங்களின் பார்வைக்காக மூலையை வெட்டி விடவேண்டும் என்ற நிபந்தனையும் இதனோடு சேரும். சந்தியில் மூலைக் கடைக்கே வாடகை அதிகம். ஆனால் அகலிப்பு வரும்போது அதிகம் இழப்பதும் அந்த மூலைக் கடையே. ஷட்டருக்கு முன்னால் இறக்கிய தகரத் தாழ்வாரத்தையும் கணக்கில் சேர்த்து வாடகை கேட்பவரிடம், அந்தத் தாழ்வாரம் யாருடைய நிலத்தில் நிற்கிறது என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை.

நகரின் புறப்பகுதிகளில் காணியின் மூலமும் பல விதம். உறுதிக் காணிக்கு அருகிலேயே காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரக் காணி, அதாவது நம்மவர்கள் ‘பேர்மிட் காணி’ என்பது, இருக்கும். 1935 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கமான அச்சட்டம் குடியிருப்புக்கும் பயிர்ச்செய்கைக்கும் மக்களைக் குடியேற்றும் நோக்குடன் வந்தது. பிரதேச செயலாளரின் எழுத்துமூலச் சம்மதமின்றி அத்தகைய காணியைக் கைமாற்றினால் அக்கைமாற்றம் செல்லாது. இங்கே கடை எடுப்பவருக்கு நான் முதலில் சொல்வது, நொத்தாரிசிடம் வருவதற்கு முன்னர் பிரதேச செயலகத்தின் காணிக் கிளைக்குப் போய்வாருங்கள் என்பதே. இதனினும் ஆபத்தானது வீதியொதுக்கத்திலோ வேறு அரச நிலத்திலோ அனுமதியின்றி நிற்கும் கடை. 1979 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க அரச காணிகள் (உடைமை மீளப்பெறல்) சட்டத்தின் கீழ் வெளியேறும்படி அறிவித்தல் கொடுக்கப்பட்டு, விடயம் நீதவான் நீதிமன்றத்துக்கு வந்தால், அரசின் செல்லுபடியான அனுமதி உங்களிடம் இருக்கிறதா என்பதே அங்கு கேட்கப்படும் கேள்வி. பத்து வருட ஆட்சியால் உரிமை வந்துவிடும் என்ற பேச்சு அரச காணிக்குப் பொருந்தாது. தனியார் காணியிலும் வாடகைக்காரராக நுழைந்தவருக்கு அது இலகுவில் கைகொடுப்பதில்லை.

திருகோணமலைக்கே உரிய இன்னொரு சிக்கல் உண்டு. 1983க்குப் பின்னர் பல குடும்பங்கள் இடம்பெயர்ந்தன, பலர் நாட்டை விட்டே சென்றனர். அன்று விட்டுச் சென்ற வீடு இன்று சந்தியில் முகப்புள்ள காணி. அதன் உரிமை கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் சகோதரர்களிடையே பிரிக்கப்படாத பங்காகக் கிடக்க, இங்கே இருக்கும் ஒருவர் முழுக் கட்டிடத்தையும் வாடகைக்கு விடுகிறார். ஒரு பங்காளி தனித்து எழுதிக் கொடுக்கும் குத்தகை அவருடைய பங்கையே கட்டும். மற்றவர்களின் சம்மதம் அற்றோணித் தத்துவத்தின் மூலம், அதாவது தம் சார்பில் செயற்பட இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் பத்திரத்தின் மூலம், பெறப்பட்டிருந்தால், அந்தத் தத்துவம் குத்தகைக்கு விடும் அதிகாரத்தைத் தருகிறதா, அது பதியப்பட்டிருக்கிறதா, அதைக் கொடுத்தவர் இன்னும் உயிருடன் இருக்கிறாரா என்ற மூன்றையும் பார்க்க வேண்டும். கொடுத்தவர் இறந்ததும் தத்துவம் பொதுவாக முடிவுக்கு வருகிறது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கு குடியேறி, யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்டவராக இருக்கும் திருமணமான பெண்ணின் காணியாயின், 1911 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் கணவரின் எழுத்துமூலச் சம்மதத்தைக் கேட்கிறது. அந்தச் சட்டம் இக்காலத்துக்குப் பொருந்துமா என்பது வேறு விவாதம்; எனக்கும் அதில் உடன்பாடு இல்லை. ஆனால் உறுதியை எழுதும்போது என் அபிப்பிராயத்தை எழுத முடியாது.

கட்டிடத்தின் பயன்பாட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நகர அபிவிருத்திப் பிரதேசமாகப் பிரகடனப்படுத்தப்பட்ட இடத்தில், 1978 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தின் கீழ், வீட்டைக் கடையாக மாற்றுவதும் அனுமதி பெற வேண்டிய ஓர் அபிவிருத்தி வேலையே. வேலை முடிந்ததும், அது அனுமதியின்படியே செய்யப்பட்டது என்று காட்டும் ஒத்திசைவுச் சான்றிதழ் பெறப்பட்டிருக்க வேண்டும். இது இல்லாத கட்டிடத்தில் வியாபாரக் கடனோ காப்புறுதியோ கேட்டுப் போகும்போது சிரமம் வரும். அந்தச் சிரமத்தைச் சந்திப்பதும் வாடகைக்காரர்தான். வாகனத் தரிப்பிட நிபந்தனையும் அந்த அனுமதியில்தான் இருக்கும். தரிப்பிடமாக அங்கீகரிக்கப்பட்ட முற்றத்தில் இன்னொரு கடை முளைத்திருப்பதைச் சந்திக்குச் சந்தி காணலாம்.

காணிக்காரருக்கும் ஒரு வார்த்தை. எழுத்துக் கொடுத்தால் கடைக்காரர் பிறகு எழும்பமாட்டார் என்ற பயத்தில் பலர் குத்தகை எழுதப் பின்வாங்குகிறார்கள். 2023 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கச் சட்டம், குத்தகைக்கு விட்ட கட்டிடத்தின் உடைமையைச் சுருக்கமான நடைமுறையில் மீளப்பெற வழி செய்திருக்கிறது. முறையாக எழுதிக் கொடுத்த காணிக்காரருக்கே அந்த வழி பயன்படும். வாய்ப்பேச்சில் விட்டவர் பழையபடி மாவட்ட நீதிமன்றத்தில் வருடக்கணக்கில் நிற்க நேரலாம்.

கடைசியாக, சந்தியில் ஏற்கெனவே கடை வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது. காணி எடுத்தற் சட்டத்தின் 2 ஆம் பிரிவின் கீழான அறிவித்தல், காணி தேவைப்படலாம் என்று பரிசீலிக்கும் கட்டத்தில், அந்தப் பகுதியில் மும்மொழிகளிலும் ஒட்டப்படும். மதிலில் ஒட்டிய தேர்தல் சுவரொட்டி என்று எண்ணி அதைக் கடந்து போகாதீர்கள். அதன் பின்னர் 7 ஆம் பிரிவின் கீழ் உரிமை கோரல்கள் எழுத்தில் கேட்கப்படும். 9 ஆம் பிரிவின் கீழ் விசாரணை நடக்கும். 17 ஆம் பிரிவின் கீழ் நட்டஈட்டுத் தீர்மானம் வரும். பதிவு செய்த குத்தகையின் பிரதி, வாடகைப் பற்றுச்சீட்டுகள், வியாபாரப் பதிவு, ஆதனவரிச் சீட்டு, வருமான வரிக் கோவை ஆகியவற்றை விசாரணைக்குக் கொண்டு செல்ல வேண்டும். தீர்மானத் தொகை போதாது என்று கருதினால் காணி எடுத்தல் மீளாய்வுச் சபைக்கு மேன்முறையீடு செய்யலாம். அதற்கான கால எல்லை 21 நாட்கள். தீர்மானக் கடிதம் கைக்கு வந்த நாளை அக்கடிதத்தின் மேலேயே குறித்து, உறையையும் எறியாமல் வைத்துக்கொள்ளுங்கள்.