லொகேஷன் மட்டும் போதாது: அமெரிக்கக் காடுகளில் இலவசமாக டென்ட் போடுமுன் பார்க்க வேண்டியவை

ஏப்ரல் பிறந்தால் போதும், அரிசோனாவின் பீனிக்ஸ் வட்டாரத் தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் இந்தக் கேள்வி வந்துவிடும்: "ஃப்ளாக்ஸ்டாஃப் பக்கம் ஃப்ரீயா டென்ட் போட நல்ல இடம் இருந்தா லொகேஷன் அனுப்புங்க." ஐந்து நிமிடத்தில் நான்கு பேர் அனுப்பியும் விடுவார்கள். நான் நில வரைபடத் துறையில் இருப்பவன். எந்தத் துண்டு நிலம் யார் பேரில் இருக்கிறது, எந்தப் பாதையில் யாருக்கு உரிமை என்பதைக் கணினியில் வரைந்து சரிபார்ப்பது என் பிழைப்பு. எங்களிடம் வரும் எல்லைத் தகராறுகளில் "என் நிலத்தில் யாரோ டென்ட் போட்டிருக்கிறார்கள்" என்பதும் ஒரு வகை. டென்ட் போட்டவரைக் கேட்டால் போனைத்தான் நீட்டுவார். முகாமிடங்களைக் காட்டும் செயலியில் புள்ளி இருக்கிறது, இருபது பேர் நட்சத்திரமும் போட்டிருக்கிறார்கள். ஆனால் அந்த நிலம் யாருடையது, அங்கே போகும் சாலை இந்த மாதம் திறந்திருக்கிறதா, இன்று அங்கே அடுப்பு மூட்டலாமா என்ற மூன்றுக்கும் அந்தப் புள்ளியிடம் பதில் கிடையாது.

முதலில், விஷயத்துக்குப் புதியவர்களுக்காக. அமெரிக்க வனத்துறையான ஃபாரஸ்ட் சர்வீஸிடம் 154 நேஷனல் ஃபாரஸ்ட்கள் உள்ளன. புல்வெளிகளையும் சேர்த்தால் சுமார் 19.3 கோடி ஏக்கர். பி.எல்.எம். (பீரோ ஆஃப் லேண்ட் மேனேஜ்மென்ட்) என்கிற இன்னொரு மத்திய அரசு அமைப்பிடம் ஏறத்தாழ 24.5 கோடி ஏக்கர், பெரும்பாலும் மேற்கு மாநிலங்களிலும் அலாஸ்காவிலும். இவற்றின் பெரும்பகுதியில், கட்டணம் கட்டும் கேம்ப்கிரவுண்டுக்கு வெளியே, காட்டுக்குள் டென்ட் போட்டுத் தங்கலாம். இதற்கு டிஸ்பர்ஸ்டு கேம்பிங் என்று பெயர். காசு கிடையாது, முன்பதிவும் பொதுவாகக் கிடையாது. கழிப்பறை, குழாய், குப்பைத்தொட்டி, மேசை எதுவும் கிடையாது. பல இடங்களில் தொடர்ந்து 14 நாள்தான் தங்கலாம், சில காடுகளில் அதைவிடக் குறைவு. நேஷனல் பார்க் வேறு, நேஷனல் ஃபாரஸ்ட் வேறு. கிராண்ட் கேன்யன் பூங்காவுக்குள் நினைத்த இடத்தில் டென்ட் போட முடியாது. பூங்காவின் தெற்கு வாசலைத் தாண்டி டுசாயான் ஊர்ப்பக்கம் வந்தால் கைபாப் நேஷனல் ஃபாரஸ்ட், அங்கே போடலாம். நடுவில் இருப்பது சில மைல்தான்.

அரசு நிலம்தானே, எங்கே போட்டால் என்ன என்று நம்மில் பலர் இதைப் புறம்போக்கு மாதிரி நினைத்துவிடுகிறார்கள். வடக்கு அரிசோனா வரைபடத்தைத் திறந்து பார்த்தால் அந்த எண்ணம் போய்விடும். 1866-ல் ரயில் பாதை போடுவதற்காக, பாதையின் இரு பக்கமும் ஒரு சதுர மைல் விட்டு ஒரு சதுர மைல் என்று ரயில் கம்பெனிக்கு நிலம் கொடுத்தார்கள். கம்பெனி அதில் நிறைய விற்றது. அதனால் பல இடங்களில் நிலம் இன்றும் சதுரங்கப் பலகை போலக் கட்டம் கட்டமாகத்தான் கிடக்கிறது: ஒரு கட்டம் அரசுடையது, அடுத்தது யாரோ ஒருவரின் மாட்டுப் பண்ணை. காட்டுக்கு நடுவிலேயே பட்டா நிலம் உண்டு. வேலி இருக்காது, பலகையும் இருக்காது. மரம் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரே பாண்டரோசா பைன்தான்.

இதில் இரண்டு இடங்களில் நம்மவர்கள் அடிக்கடி தடுமாறுகிறார்கள். ஒன்று, ஸ்டேட் ட்ரஸ்ட் நிலம். இது மாநில அரசு பள்ளிக்கூடம் போன்றவற்றின் வருமானத்துக்காக வைத்திருக்கும் நிலம். பார்க்கக் காடு மாதிரிதான் இருக்கும். ஆனால் அரிசோனாவில் இங்கே தங்குவதற்குப் பெர்மிட் வேண்டும். இன்னொன்று, பழங்குடி நாடுகளின் நிலம். நவாஹோ நேஷன், ஹோபி, அப்பாச்சி நிலங்கள் எல்லாம் தங்களுக்கென்று சட்டம் வைத்திருப்பவை. அங்கே தங்க அவர்களிடம் அனுமதி வாங்க வேண்டும். அனுமதி இல்லாமல் போய்ப் படுப்பது அத்துமீறல். அதை "தெரியாமல் வந்துவிட்டோம்" என்று சொல்லிச் சமாளிக்கக் கூடாது என்பது என் கட்சி, ஏனென்றால் தெரிந்துகொள்வது அவ்வளவு சுலபம். நில உரிமையைக் காட்டும் அடுக்கு ஆன்எக்ஸ், கையா போன்ற செயலிகளில் உண்டு. பி.எல்.எம். அச்சிடும் வரைபடங்களில் வண்ணத்திலேயே சொல்லிவிடுவார்கள்: பச்சை ஃபாரஸ்ட் சர்வீஸ், மஞ்சள் பி.எல்.எம்., இளநீலம் மாநில நிலம், வெள்ளை தனியார். பச்சையும் மஞ்சளும் நமக்கு. வெள்ளையில் கால் வைக்காதீர்கள். மற்ற வண்ணத்துக்கு விசாரித்துவிட்டுப் போங்கள்.

நிலம் சரி என்று தெரிந்த பிறகு சாலை. இங்கேதான் எம்.வி.யு.எம். வருகிறது. மோட்டார் வெஹிக்கிள் யூஸ் மேப் என்பதன் சுருக்கம். ஒவ்வொரு நேஷனல் ஃபாரஸ்டும் எந்தெந்த மண்சாலையில் வண்டி போகலாம் என்று தீர்மானித்து வரைபடமாக வெளியிட வேண்டும் என 2005-ல் ஒரு விதி வந்தது. அந்த வரைபடம்தான் இது. இலவசம். கருப்பு வெள்ளையில், மலையோ மேடோ காட்டாமல், வெறும் கோடும் எண்ணுமாக இருக்கும். அழகில் பூஜ்யம். எங்கள் துறையில் இதைப் பார்த்து முகம் சுளிக்காதவர் குறைவு. ஆனால் சட்டப்படி செல்லுபடியாவது இதுதான். இதில் இல்லாத சாலையில் வண்டி ஓட்டினால், அந்தச் சாலை கண்ணுக்கு எதிரே நன்றாகத் தெரிந்தாலும், அபராதம் போடலாம். கூகுள் வரைபடம் காட்டுகிற எல்லாக் கோடும் இதில் இருக்காது, மூடிவிட்ட பழைய மரம்வெட்டும் பாதைகளையும் கூகுள் காட்டும்.

எம்.வி.யு.எம்.மில் சில சாலைகளின் ஓரம் சின்னச் சின்னப் புள்ளிகள் வரிசையாக இருக்கும். சிலவற்றில் ஒரு பக்கம், சிலவற்றில் இரு பக்கமும். அந்தப் பக்கம் சாலையை விட்டு வண்டியை உள்ளே இறக்கி முகாம் போடலாம் என்று அர்த்தம். எவ்வளவு தூரம் இறக்கலாம் என்பது காட்டுக்குக் காடு மாறும். 300 அடி என்று வைத்திருக்கும் காடுகள் உண்டு. வரைபடத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள், அதைப் படியுங்கள். புள்ளி இல்லாத சாலையில் தங்கவே கூடாது என்றில்லை. வண்டியைச் சாலையோரமே நிறுத்திவிட்டு டென்டைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும், அவ்வளவுதான். வேறு தடை இருக்கிறதா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இதைப் புரிந்துகொண்டவர்களுக்குத்தான் நல்ல இடம் கிடைக்கிறது. கூட்டமெல்லாம் புள்ளி போட்ட சாலையில் காரோடு காராக நிற்கும். நூறு அடி நடக்கத் தயாரானவருக்குப் பக்கத்துச் சாலையில் ஆள் அரவமே இருக்காது.

சாலைக்குப் பருவகாலத் தேதிகளும் வரைபடத்தில் ஒரு அட்டவணையாக இருக்கும். 7,000 அடி உயரத்தில் இருக்கிற ஃப்ளாக்ஸ்டாஃப் பக்கம் பனி உருகிச் சேறு காயும்வரை பல சாலைகளின் கேட்டைப் பூட்டியே வைத்திருப்பார்கள். அவென்சா என்ற செயலியில் எம்.வி.யு.எம்.மை இலவசமாக இறக்கி வைத்துக்கொண்டால், சிக்னல் இல்லாத இடத்திலும் ஜி.பி.எஸ். மூலம் நீங்கள் நிற்கும் இடத்தை அதன் மேலேயே காட்டும். வீட்டில் வைஃபை இருக்கும்போதே இறக்குங்கள். காட்டுக்குள் போய் இறக்கலாம் என்பவர்கள் இறக்கியதாகச் சரித்திரம் இல்லை.

அப்புறம் உங்கள் வண்டி. காட்டுச் சாலைப் பலகையில் எண் எப்படி எழுதியிருக்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? படுக்கைவாட்டில் எழுதியிருந்தால் பொதுவாகச் சாதாரணக் கார் போகும் சாலை. ஒன்றின் கீழ் ஒன்றாகச் செங்குத்தாக எழுதியிருந்தால் அடிப்பகுதி உயர்ந்த வண்டிக்கான சாலை. சியன்னா, ஒடிஸி போன்ற மினிவேன்களில் குழந்தை குட்டியோடு வருபவர்கள் செங்குத்து எண்ணைக் கண்டதும் திரும்பிவிடுவது நல்லது. வாடகைக் கார் என்றால் ஒப்பந்தத்தைப் படியுங்கள். மண்சாலையில் ஓட்டக் கூடாது என்று பல ஒப்பந்தங்களில் இருக்கும், காப்பீடும் கைவிட்டுவிடும்.

இடத்தை வீட்டிலிருந்தே தேடலாம். முதலில் எம்.வி.யு.எம்.மில் சாலையைப் பிடியுங்கள். அதே சாலையைச் செயற்கைக்கோள் படத்தில் பெரிதாக்கினால், ஓரத்தில் கிளை பிரிந்து ஒரு வெற்றுத் தரையில் முடிகிற சின்னத் தடங்கள் தெரியும். அவைதான் ஏற்கெனவே ஆட்கள் தங்கிய இடங்கள். அவற்றில் மூன்று நான்கைக் குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் முதல் இடத்தில் ஆள் இருப்பார்கள். புதிதாகப் புல்லை மிதித்து இடம் உண்டாக்க வேண்டாம், பழைய இடத்திலேயே போடுவதுதான் காட்டுக்கு நல்லது. வெளிச்சம் போவதற்கு இரண்டு மணி நேரம் முன்னாடியாவது போய்ச் சேருங்கள். வேலை முடித்து வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்குக் காட்டுக்குள் நுழைபவர்கள்தான் பட்டா நிலத்தில் டென்ட் போடுகிறவர்கள்.

போய் இறங்கியதும் முதலில் மேலே பாருங்கள். பட்டைவண்டு தாக்கிப் பட்டுப்போன பைன் மரங்கள் நின்றபடியே காய்ந்திருக்கும், காற்றடித்தால் எச்சரிக்கை இல்லாமல் விழும். அது விழும் தூரத்துக்குள் டென்ட் கூடாது. அடுத்து தரையைப் பாருங்கள். மணல் மெத்தென்று சமமாக இருக்கும் வறண்ட ஓடை படுக்க ஆசையாகத்தான் இருக்கும். ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் முடியும்வரை இங்கே மான்சூன் காலம். உங்கள் தலைக்கு மேல் வானம் நீலமாக இருக்கும்போதே, பல மைலுக்கு அப்பால் பெய்த மழை ஓடையில் வெள்ளமாக வரும். நீர்நிலையை ஒட்டியும் வேண்டாம், 200 அடி தள்ளிப் போடுங்கள். குளிர் பற்றியும் ஒரு வார்த்தை: பீனிக்ஸில் விசிறி ஓடும் மே மாதத்தில் மேலே இரவு உறைநிலையைத் தொடும்.

இனி நெருப்பு. நிலமும் சாலையும் சரியாகப் பார்த்தவர்கள்கூட இதில் அலட்சியமாக இருக்கிறார்கள். காட்டில் நெருப்புத் தடை படிப்படியாக வரும். முதல் கட்டத் தடையில், அரசு அமைத்த கேம்ப்கிரவுண்டில் மட்டும்தான் விறகு நெருப்பு. அதாவது நாம் பேசுகிற இலவச இடத்தில் கிடையாது. இரண்டாம் கட்டத்தில் எங்குமே கிடையாது. திருகினால் அணையும் கேஸ் அடுப்பை மட்டும் பெரும்பாலும் அனுமதிப்பார்கள். அதற்கும் மேலே போனால் காட்டையே மூடிவிடுவார்கள். 2021 ஜூனில் ஃப்ளாக்ஸ்டாஃப் வட்டாரத்தின் கோகோனினோ, கைபாப் காடுகளை அப்படித்தான் மூடினார்கள். செயலியில் இருந்த நட்சத்திரங்கள் அன்றும் அப்படியே இருந்தன. கலிஃபோர்னியா போகிறவர்கள் கவனிக்க: அங்கே காட்டில் கேஸ் அடுப்பு பற்ற வைக்கவே கேம்ப்ஃபயர் பெர்மிட் வேண்டும். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும்.

ஏன் இவ்வளவு கெடுபிடி என்று கேட்பவர்களுக்கு இரண்டு சம்பவம். 2011 மே கடைசியில், மெமோரியல் டே விடுமுறையில், கிழக்கு அரிசோனாவில் முகாமிட்டிருந்த இருவர் சரியாக அணைக்காமல் விட்டுப்போன நெருப்பு வாலோ தீயாக மாறி 5,38,000 ஏக்கரை எரித்தது. மாநில வரலாற்றிலேயே பெரிய தீ அது. 2022 ஜூனில் ஃப்ளாக்ஸ்டாஃபுக்கு வடக்கே முகாமிட்டிருந்த ஒருவர் பயன்படுத்திய டாய்லெட் பேப்பரைக் கொளுத்திக் கல்லுக்கடியில் வைத்தார். அது பைப்லைன் தீயாகி 26,000 ஏக்கருக்கு மேல் தின்றது. செடிகொடி இல்லாமல் போன மலைச்சரிவில் அந்த மழைக்காலத்தில் வெள்ளம் இறங்கி ஊருக்குள் வீடுகளை நனைத்தது. நெருப்பு அனுமதி இருக்கும் காலத்திலும் அணைக்கும் முறை ஒன்றுதான்: தண்ணீர் ஊற்று, கிளறு, மறுபடி ஊற்று, புறங்கையைக் கிட்டே வைத்துச் சூடு இருக்கிறதா என்று பார். மண்ணைப் போட்டு மூடிவிட்டு வருவது அணைப்பது ஆகாது, அடியில் கங்கு உயிரோடு இருக்கும்.

டாய்லெட் பேப்பர் என்றதும் அந்தப் பேச்சையும் முடித்துவிடலாம். தண்ணீர், பாதை, முகாம் மூன்றிலிருந்தும் 200 அடி தள்ளி, ஆறிலிருந்து எட்டு அங்குல ஆழத்தில் குழி தோண்டி, வேலை முடிந்ததும் மூட வேண்டும். பேப்பரைப் பையில் கட்டித் திரும்ப எடுத்துவர வேண்டும். குழந்தைகளின் டயப்பரைப் புதைக்கக் கூடாது. கூச்சப்படாமல் ஒரு சின்ன மண்வெட்டியும் ஜிப் பையும் வண்டியில் வையுங்கள். நம் சமையலில் மிஞ்சும் சாம்பாரையும் எண்ணெயையும் ஓரமாகக் கொட்டுவதும் வேண்டாம். புளியோதரை, தயிர்சாதம் என்று வீட்டிலிருந்தே கொண்டுவருபவர்கள் புத்திசாலிகள். சிதறிய சோற்றுக்கு எலியும் அணிலும் வரும், கரடி உள்ள காட்டில் கரடியும் வரும். சாப்பாட்டை டென்டுக்குள் வைத்துக்கொண்டு தூங்காதீர்கள்.

லொகேஷனை எல்லோருக்கும் அனுப்புவது பற்றி எனக்கு ஒரு வருத்தம் உண்டு. கூட்டம் தாங்காமல் குப்பையும் தடமும் பெருகிய இடங்களில் கடைசியில் விதிதான் இறுகும். செடோனா ஊருக்கு மேற்கே இப்போது குறித்துக் கொடுத்த இடங்களில்தான் தங்கலாம், முன்பிருந்த சுதந்திரம் இல்லை. குழுவில் கேட்பவருக்குப் புள்ளியை அனுப்புவதற்குப் பதிலாக, எந்தக் காடு, எந்த எம்.வி.யு.எம். என்று அனுப்புங்கள். அவர் தேடிக்கொள்வார்.

கிளம்பும் நாள் காலையில் அந்தக் காட்டுப் பகுதியைக் கவனிக்கும் ரேஞ்சர் டிஸ்ட்ரிக்ட் அலுவலகத்துக்கு ஒரு போன் போடுங்கள். சாலை நிலவரம், நெருப்புத் தடை இரண்டையும் கேட்டால் சொல்வார்கள். அலுவலகம் சனி ஞாயிறில் பூட்டியிருக்கலாம் என்பதால், சனிக்கிழமை புறப்படுகிறவர்கள் வெள்ளிக்கிழமை பகலிலேயே கேட்டுவிடுங்கள். ஊரில் இருக்கும் ஒருவரிடம் காட்டின் பெயர், சாலை எண், திரும்பி வரும் நேரம் மூன்றையும் எழுதிக் கொடுங்கள். குறித்த நேரத்தில் நீங்கள் வரவில்லை என்றால் அவர் கூப்பிட வேண்டியது அந்த கவுண்டியின் ஷெரிஃப் அலுவலகத்தை. அரிசோனாவில் காணாமல் போனவர்களைத் தேடும் பொறுப்பு அவர்களுடையதுதான். ஐபோன் 14-லும் அதற்குப் பிந்தைய ஐபோன்களிலும் சிக்னல் இல்லாவிட்டாலும் செயற்கைக்கோள் வழியாக அவசரச் செய்தி அனுப்ப முடியும். ஆனால் அதற்கு வானம் திறந்திருக்க வேண்டும். அடர்ந்த மரத்தடியில் நின்றுகொண்டு முயற்சி செய்யாமல் வெட்டவெளிக்கு வாருங்கள். செட்டிங்ஸில் அதற்கு ஒரு செயல்விளக்கம் இருக்கிறது, வீட்டுக்கு வெளியே வெட்டவெளியில் நின்று ஒருமுறை செய்து பழகிவிட்டுப் புறப்படுங்கள்.