வெட்டுவதா, விடுவதா? முதலில் சோளப் பொத்தியை உரித்துப் பாருங்கள்

ஜூன் கடைசியில் ஊவாவில் லுணுகலைப் பக்கம் ஒரு குத்தகைத் துண்டைப் பார்க்கப் போயிருந்தேன். அரை ஏக்கர் சோளம். காலை 10 மணிக்கே இலையெல்லாம் சுருட்டு மாதிரி சுருண்டு நின்றது. சோளம் போட்டிருந்த அக்கா என்னைக் கண்டதும் சொன்னது ஒன்றுதான்: “சேர், இன்னும் ஒரு மழை பெய்ஞ்சா தப்பிச்சிரும்.”

விவசாயப் போதனாசிரியராக இந்தச் சரிவுகளில் ஏறி இறங்கும் எனக்கு, வறட்சிக் காலத்தில் அதிகம் காதில் விழும் பேச்சு இது. அந்த ஒரு மழைக்குக் காத்திருந்தே பொத்தியையும் விட்டு, மாட்டுத் தீனியையும் விட்டவர்கள் நிறையப் பேர். நெஞ்சு பொறுக்காமல்தான் இதை எழுதுகிறேன்.

மேற்கே ஹட்டன் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும்போது, மலையைத் தாண்டி ஊவாவுக்கு இறங்குவது வறண்ட கச்சான் காற்றுதான். சிறுபோகத்தில் ஏப்ரல் மழையை நம்பிப் போட்ட சோளம் 50, 55 நாளில் பூ வைக்கும். ஏப்ரல் நடுவில் விதைத்தால் அது ஜூன் தொடக்கம். கச்சான் வலுக்கிற நேரமும் அதுதான். வருஷப் பிறப்பு முடியட்டும் என்று விதைப்பைத் தள்ளிப் போட்டால் பயிர் காற்றின் வாயிலேயே போய் நிற்கும்.

முழங்கால் உயரத்தில் சோளம் பத்து நாள் காய்ந்தாலும் ஒரு மழையில் எழும்பிவிடும். பூக்கும் சமயத்துக்கு முன்னும் பின்னும் இரண்டு வாரம்தான் தாங்காது. உச்சியில் உள்ள ஆண் பூ வறட்சியிலும் ஏறக்குறைய நேரத்துக்கு விரிந்து, ஒரு வாரம் போல மகரந்தத்தைக் கொட்டி முடித்துவிடும். பொத்தி நுனியில் வரும் நூல் நீள்வதற்குத் தண்ணீர் வேண்டும். தண்ணீர் இல்லாவிட்டால் அது பிந்திப் போகும். நூல் வெளியே எட்டிப் பார்க்கும்போது மேலே மகரந்தம் தீர்ந்திருக்கும். ஒரு நூலுக்கு ஒரு மணி. மகரந்தம் சேராத நூலின் அடியில் மணி பிடிக்காது. அதற்குப் பிறகு எவ்வளவு மழை பெய்தாலும் செடி பச்சை கட்டும், பொத்தி நிறையாது.

சரி, மணி பிடித்ததா இல்லையா என்று எப்படித் தெரியும்? நூல் வெளிவந்து ஒரு வாரம் பத்து நாள் ஆன பொத்திகளாகப் பார்த்து, அந்த அக்காவின் துண்டில் மேட்டில் இரண்டு, ஓடைக்கரையில் இரண்டு முறித்தோம். மடலை நீளவாக்கில் கத்தியால் கீறி, நூல் அறுபடாமல் ஒவ்வொன்றாக உரிக்க வேண்டும். பிறகு காம்பைப் பிடித்து மெதுவாக உலுக்க வேண்டும். மகரந்தம் சேர்ந்த மணியின் நூல் தானே கழன்று விழும். சேராதது ஒட்டிக்கொண்டே இருக்கும். மேட்டுப் பொத்தியை அக்காவின் கையிலேயே கொடுத்தேன். உலுக்கினார். அடிப்பக்கத்தில் பத்துப் பதினைந்து நூல் விழுந்தது. மிச்சமெல்லாம் நனைந்த தலைமுடி மாதிரி ஒட்டிக் கிடந்தது. ஓடைக்கரைப் பொத்தியில் நுனியில் இரண்டு விரல் அகலம் தவிர எல்லாம் உதிர்ந்தது. இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். அப்புறம், “மேல உள்ளத வெட்டிருவோம் சேர்” என்றார்.

மலைக் காணியில் இப்படித்தான், ஒரே துண்டுக்கு இரண்டு முடிவு எடுக்க வேண்டி வரும். மேட்டு மண் ஆழமில்லை, தண்ணீர் நிற்காது. முழுத் துண்டையும் ஒரே கண்ணால் பார்க்காதீர்கள்.

மணி பிடிக்காத சோளம் நல்ல தீனி. ஆனால் வறண்ட சோளத்தை வெட்டி அப்படியே மாட்டுக்குப் போடக்கூடாது. யூரியா போட்ட பயிர் வறட்சியில் வளராமல் நிற்கும்போது, மண்ணிலிருந்து உறிஞ்சிய நைத்திரேற்று என்ற நைதரசன் உப்பு தண்டின் அடியில் தேங்கும். அளவு மிஞ்சினால் மாட்டின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க முடியாமல் கபில நிறமாகும். சில மணி நேரத்தில் மாடு விழுந்துவிடும். தரையிலிருந்து ஒன்றரைச் சாண் விட்டு மேலே வெட்டுங்கள். புல்லோடு கலந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள். முக்கியமாக, காய்ந்து கிடந்த பயிருக்கு மழை பெய்த மறுநாள் வெட்டாதீர்கள். அப்போதுதான் வேர் மண்ணிலிருந்து ஒரே மூச்சாக இழுக்கும். ஒரு வாரமாவது போகட்டும்.

சைலேஜாக, அதாவது நறுக்கிக் காற்றுப் புகாமல் புளிக்க வைக்கும் தீனியாகப் போட்டால் நைத்திரேற்று கணிசமாகக் குறையும். இலை காய்ந்து தெரிந்தாலும் தண்டில் தண்ணீர் இருக்கும், கண்ணை நம்ப வேண்டாம். நறுக்கியதை ஒரு பிடி இறுக்கிப் பிழியுங்கள். தண்ணீர் சொட்டினால் இரண்டு நாள் பொறுங்கள். கையை விரித்ததும் உதிர்ந்தால் பிந்திவிட்டீர்கள். உருண்டையாக நின்று, உள்ளங்கை மட்டும் ஈரமானால் அதுதான் பதம். தடித்த பொலித்தீன் பையில் அடுக்கடுக்காக மிதித்து, காற்றுப் புகாமல் கட்டி, நான்கு வாரம் கழித்துப் பிரியுங்கள். முதல் மூன்று வாரத்தில் பையிலிருந்தோ குழியிலிருந்தோ மஞ்சள் கபில நிறப் புகை வந்தால் கிட்டப் போக வேண்டாம். அது மனிதருக்கும் நஞ்சு.

மணி பிடித்த பக்கத்துக்கு வருவோம். நூல் வந்து 20 நாள் அளவில் நகத்தால் அழுத்தினால் பால் வரும். அவித்த சோளம் விற்பவர்களுக்குக் கொடுக்க அதுதான் பருவம். மண் அதற்கு மேல் தாங்காது என்று தெரிந்தால் தானியத்துக்கு விடாமல் பச்சைப் பொத்தியாகவே விற்பது நல்லது. தானியத்துக்கு விடுவதானால் மணியைப் பிடுங்கி அடி நுனியைச் சுரண்டிப் பாருங்கள். கறுப்புப் புள்ளி தெரிந்தால் முற்றிவிட்டது. அதற்குப் பிறகு செடியிலேயே வெகுநாள் விட வேண்டாம். வெப்பத்தில் வாடிய பொத்தியில் மஞ்சள் பச்சைப் பூஞ்சணம் வரும், அதில் அஃப்லாடொக்சின் என்ற நஞ்சு இருக்கலாம். அது கோழியையும் கெடுக்கும், மாட்டுக்குப் போட்டால் பாலிலும் இறங்கும். பூஞ்சணப் பொத்தியைத் தனியே பிரித்து அழித்துவிட்டு, மிச்சத்தை ஈரப்பதன் 14 சதவீதத்துக்குக் கீழே வரும்வரை காயவையுங்கள்.

வெட்டுவதற்கு முன் கமநல சேவை நிலையத்துக்குச் சொல்லிவிடுங்கள், நாலு படமும் எடுத்து வையுங்கள். வெட்டிய பிறகு சேதத்தை யாரும் பார்க்க முடியாது. பெருந்தோட்டத்தில் பலருக்குக் காணி தங்கள் பேரில் இல்லை. குத்தகை வாய்ப் பேச்சோடு நின்றுவிடுவதால், இழப்பீடு என்று வரும்போது வியர்வை சிந்தியவர் கையில் காட்டுவதற்கு ஒரு கடதாசி இருப்பதில்லை. ஒரு தாளிலாவது எழுதி இருவரும் கையெழுத்து வையுங்கள்.

அக்கா மறுநாளே மேட்டை வெட்டினார். மழை வந்தது ஜூலை நடுவில், ஒரு பின்னேரம் மட்டும். ஓடைக்கரைப் பொத்திகள் அதற்கு முன்பே பச்சையாக விற்றுப் போயிருந்தன. செப்டெம்பரில் புல் கருகிக் கிடந்தபோது நான் போனால், மாட்டுக் கொட்டில் மூலையில் இரண்டு பை இன்னும் பிரிக்காமல் இருந்தது.