"உங்கள் செல்தானே, என்ன ஆகிவிடப்போகிறது?"

மறுபடியும் ஒருவர். தண்டுவடத்தில் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் சில வருடங்களாகப் படுக்கையில் இருந்தவர். குடும்பம் கடன் வாங்கி, எங்கோ ஒரு சிகிச்சை மையத்தில் முதுகில் ஸ்டெம் செல் ஊசி, அதாவது மற்ற செல்களை உண்டாக்கவல்ல மூலச் செல்கள் என்று சொல்லிப் போடும் ஊசி, போட்டு அழைத்து வந்திருக்கிறது. கால்கள் அசையவில்லை. வந்தது காய்ச்சலும் கழுத்து விறைப்பும்தான். தண்டுவட நீரை எடுத்துப் பார்த்தால் கிருமித் தொற்று. ஸ்டெம் செல் என்று காதில் விழுந்தாலே ரத்தவியல் மருத்துவரைக் கூப்பிடுவார்கள் என்பதால் நானும் போய்ப் பார்த்தேன். நல்லவேளை, பிழைத்துக்கொண்டார். ஆனால் அவருடைய கோப்பில் என்ன செல், எங்கிருந்து எடுத்தது, எத்தனை செல், கிருமி உண்டா என்று சோதித்தார்களா, எந்த விவரமும் இல்லை. வழவழப்பான தாளில் ஒரு சான்றிதழும் கட்டண ரசீதும் இருந்தன.

எத்தனை பேரைத்தான் இப்படிப் பார்ப்பது? ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு, பெருமூளை வாதத்துக்கு, தசை நலிவு நோய்க்கு, மூட்டுத் தேய்மானத்துக்கு, பக்கவாதத்துக்கு, சர்க்கரைக்கு, முகச் சுருக்கத்துக்கு, எல்லாவற்றுக்கும் அதே ஊசி. ஒரே பொருள் இத்தனை நோய்களையும் தீர்க்கும் என்று ஒருவர் சொன்ன மாத்திரத்தில் எழுந்து வந்துவிட வேண்டும். படித்தவர்களும் வராமல் உட்கார்ந்திருக்கிறார்கள். ஏன் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: "நம்ம உடம்புல இருந்து எடுத்த நம்ம செல்தானே டாக்டர். பலன் இல்லாட்டியும் கெடுதல் வராதுன்னு சொன்னாங்க."

இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. ஸ்டெம் செல் சிகிச்சை என்றாலே மோசடி என்று நான் சொல்லவில்லை. அதுதான் என் அன்றாட வேலை. எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை என்பதே ரத்த ஸ்டெம் செல்களை மாற்றுவதுதான். அமெரிக்க மருத்துவர் டோனல் தாமஸ் 1957-ல் தன் முதல் முயற்சிகளை வெளியிட்டபோது அந்த நோயாளிகளில் ஒருவர்கூட நெடுநாள் வாழவில்லை. திசுப் பொருத்தம் பார்ப்பது, தொற்றைத் தடுப்பது, உடலின் எதிர்ப்பைக் கட்டுப்படுத்துவது என்று ஒவ்வொன்றாகக் கற்றுக்கொள்ளப் பல வருடங்கள் ஆயின. 1990-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்று ரத்தப் புற்றுநோயிலும் தலசீமியா என்ற பரம்பரை ரத்தசோகையிலும் இந்தச் சிகிச்சையால் உயிரோடு இருப்பவர்கள் உலகம் முழுவதும் இருக்கிறார்கள். ஆனாலும் ஒவ்வொரு முறையும் குடும்பத்தை உட்காரவைத்து, இதில் உயிர் போகவும் வாய்ப்பு உண்டு என்று சொல்லித்தான் கையெழுத்து வாங்குகிறோம். பழைய மஜ்ஜையை மருந்தால் ஒடுக்கி, புதிய செல்லை ஏற்றி, அது வேரூன்றும்வரை இரண்டு முதல் நான்கு வாரம் வெள்ளணு ஏறக்குறைய இல்லாமல் ஒரு மனிதரைத் தனியறையில் காப்பாற்றி வைத்திருப்பது லேசான காரியமில்லை. காலையில் வந்து ஊசி போட்டு மாலையில் வீட்டுக்குப் போகலாம் என்று யாராவது சொல்லும்போது எனக்கு ஏன் வயிறு எரிகிறது என்பது இப்போது புரியும்.

மஜ்ஜை மாற்று ஏன் பலிக்கிறது? ரத்த ஸ்டெம் செல்லுக்கு ரத்தம் உண்டாக்குவதுதான் இயல்பான வேலை. ரத்தக் குழாயில் விட்டால் மஜ்ஜைக்கு அதுவே வழி கண்டுபிடித்துப் போய்விடும். அதே செல்லைத் தண்டுவடத்தில் விட்டால் நரம்பாகிவிடாது. கொழுப்பிலிருந்து எடுக்கும் செல்லின் கதை இன்னும் மோசம். ரத்தக்குழாய்ச் செல், நார்த்திசுச் செல், எதிர்ப்புச் செல் எல்லாம் கலந்த கலவை அது. அதில் ஸ்டெம் செல் என்று சொல்லத்தக்கது கொஞ்சம்தான். கொழுப்பிலும் மஜ்ஜையிலும் கிடைக்கும் இவ்வகைச் செல்லுக்கு 'மெசன்கைமல் ஸ்டெம் செல்' என்ற பெயரை 1991-ல் பிரபலமாக்கியவர் அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஆர்னால்டு கேப்லான். இவை உடலுக்குள் போய்ப் புதிய உறுப்பைக் கட்டுவதில்லை, சில வேதிப்பொருள்களைச் சுரக்கின்றன, எனவே பெயரை மாற்ற வேண்டும் என்று 2017-ல் எழுதியவரும் அவரேதான். கை நரம்பில் ஏற்றினால் இவற்றில் பெரும்பகுதி நுரையீரலில் சிக்கிச் சில நாள்களில் அழிந்துபோகும். மூளைக்குப் போகும் என்று சொல்லித்தான் ஏற்றுகிறார்கள்.

சரி, சொந்த செல் விஷயத்துக்கு வருவோம்.

சொந்த செல் என்றால் ஒன்றுதான் பொருள்: உங்கள் எதிர்ப்பு மண்டலம் அதை அந்நியம் என்று விரட்டாது. அது இருக்கக் கூடாத இடத்தில் போய் உட்கார்ந்தால் என்ன செய்யும், வெளியே எடுத்துக் கையாண்டபோது கிருமி ஏறியதா, பிரிந்து பெருகியபோது மரபணு கெட்டதா, இதில் எதற்கும் 'சொந்தம்' என்பது பதிலாகாது. யோசித்துப் பாருங்கள். புற்றுநோய் யாருடைய செல்? நோயாளியின் சொந்த செல்தான். கருப்பையின் உள்படலம் வயிற்றுக்குள் வேறிடத்தில் வளர்ந்து மாதாமாதம் பெண்களைத் துடிக்கவைக்கிறதே, எண்டோமெட்ரியோசிஸ், அது யாருடைய செல்? மூளையின் ரத்தக்குழாயை அடைக்கும் ரத்தக்கட்டி யாருடைய ரத்தம்? உடம்பில் ஒரு செல் நல்லபடியாக நடந்துகொள்வதற்குக் காரணம் அது உங்களுடையது என்பதல்ல. அது இருக்க வேண்டிய இடத்தில், அக்கம்பக்கத்துச் செல்களின் கட்டளைக்கு அடங்கி இருக்கிறது என்பதுதான். இடத்தை மாற்றினால் அந்தக் கட்டளையும் போய்விடுகிறது.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. தண்டுவடக் காயம் பட்ட ஒரு 18 வயதுப் பெண்ணுக்கு, மூன்று வருடம் கழித்து அவருடைய சொந்த மூக்கின் உள்படலச் செல்களை எடுத்துத் தண்டுவடத்தில் வைத்தார்கள். எட்டு வருடம் போனபின் முதுகுவலி என்று வந்தார். அறுத்துப் பார்த்தால் மூக்குத் திசுவைப் போன்ற ஒரு கட்டி, உள்ளே கெட்டியான சளி போன்ற பொருள். 2014-ல் மருத்துவ இதழில் வெளியான விவரம் இது. மூக்குச் செல் தண்டுவடத்திலும் மூக்குச் செல்லாகவே வேலை பார்த்திருக்கிறது. சொந்த செல்தான்.

இன்னொன்று அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் நடந்தது, 2017-ல் வெளியானது. வயதானவர்களுக்கு வரும் விழித்திரைத் தேய்மானம் உள்ள மூன்று பெண்கள், 72 முதல் 88 வயதுவரை. வயிற்றுக் கொழுப்பை உறிஞ்சி எடுத்து, அதிலிருந்து செல்களைப் பிரித்து, இரண்டு கண்ணிலும் ஒரே நாளில் ஊசி போட்டார்கள். ஆளுக்கு 5,000 டாலர். சில நாள்களிலேயே விழித்திரை பிய்ந்து, ரத்தம் கசிந்து, மூவரின் பார்வையும் கடுமையாகப் போனது. ஒருவருக்கு வெளிச்சம்கூடத் தெரியாமல் போய்விட்டது. இதுவும் சொந்த செல்தான். கண் மருத்துவத்தில் இருக்கும் யாரிடமாவது இதைச் சொல்லுங்கள், முதலில் கேட்பது "இரண்டு கண்ணிலும் ஒரே நாளிலா?" என்பதாகத்தான் இருக்கும். சோதிக்கப்படாத ஒன்றை முதலில் ஒரு கண்ணில் போட்டு, காத்திருந்து பார்ப்பது அடிப்படை ஒழுக்கம்.

சொந்த செல்லை வைத்து ஒழுங்காக வேலை செய்தவர்கள் எப்படி நடந்துகொண்டார்கள் என்பதையும் பாருங்கள். ஜப்பானிய விஞ்ஞானி ஷின்யா யாமனகா 2006-ல் எலியின் சாதாரணச் செல்லையும், 2007-ல் மனிதத் தோல் செல்லையும் ஸ்டெம் செல் நிலைக்குத் திருப்பிக் காட்டினார். ஜப்பானின் கோபே நகரில் மசாயோ தகாஹாஷியின் குழு 2014-ல் ஒரு மூதாட்டியின் தோல் செல்லை அப்படி மாற்றி, விழித்திரைச் செல்லாக வளர்த்து, ஒரே ஒரு கண்ணில் வைத்தது. இரண்டாவது நோயாளிக்கும் செல் தயாராகிவிட்டது. மரபணுவைச் சோதித்தபோது மாற்றங்கள் தெரிந்தன. அவை தீங்கானவை என்று உறுதியாகக்கூடத் தெரியாது. இருந்தும் 2015-ல் சிகிச்சையை நிறுத்திவிட்டார்கள். அதுவும் நோயாளியின் சொந்த செல்தான். ஆனாலும் கண்ணுக்குள் வைக்கவில்லை. உங்களுக்கு ஊசி போடப்போகும் மையம் மரபணுச் சோதனை செய்ததா என்று ஒரு தடவையாவது கேட்டிருக்கிறீர்களா?

என் துறையிலேயே ஒரு உதாரணம். 2023 நவம்பரில் பிரிட்டனும் அடுத்த மாதம் அமெரிக்காவும் காஸ்ஜெவி என்ற சிகிச்சையை அரிவாள் செல் நோய் என்ற பரம்பரை ரத்தநோய்க்கு அனுமதித்தன. நோயாளியின் சொந்த ரத்த ஸ்டெம் செல்லை எடுத்து, கிரிஸ்பர் முறையில் மரபணுவைத் திருத்தித் திரும்ப ஏற்றுவது. பிரமாதமான சாதனை. அதற்கும் செல் தயாராக மாதக்கணக்கில் ஆகும், கடுமையான கீமோ உண்டு, குழந்தைப்பேறு பாதிக்கப்படலாம், வாரக்கணக்கில் மருத்துவமனை வாசம் உண்டு. சொந்த செல் என்பதால் எந்தக் கஷ்டமும் குறைந்துவிடவில்லை.

சொந்த செல் அல்லாமல் வேறு யாருடைய செல்லையோ, தொப்புள்கொடி ரத்தத்தையோ ஏற்றுகிறவர்களும் உண்டு. அது தனி ஆபத்து. இஸ்ரேலைச் சேர்ந்த ஒரு சிறுவனுக்கு, அரிய நரம்பு நோய்க்காக, மாஸ்கோவில் கருவிலிருந்து எடுத்த நரம்பு ஸ்டெம் செல்களைச் சில தடவை செலுத்தினார்கள். முதல் ஊசிக்கு நான்கு வருடம் கழித்து மூளையிலும் தண்டுவடத்திலும் கட்டி. சோதித்தால் கட்டியில் பெண்ணின் செல்கள். அதாவது கொடையாளியுடையவை. 2009-ல் வெளியான அறிக்கை இது. 2018-ல் அமெரிக்காவில் தொப்புள்கொடி ரத்தத்திலிருந்து தயாரித்த ஊசியைப் போட்டுக்கொண்ட 12 பேருக்கு ரத்தத்திலும் மூட்டிலும் தொற்று வந்தது. திறக்காத குப்பிகளிலேயே பாக்டீரியா இருந்தது.

இந்த மையங்கள் நோயாளிகளிடம் காட்டுவதெல்லாம் உண்மையான ஆராய்ச்சிச் செய்திகளைத்தான். அதுதான் எனக்கு மிகவும் வருத்தம். 2025-ல் முதல் வகைச் சர்க்கரை நோயாளிகளில், ஸ்டெம் செல்லிலிருந்து ஆய்வகத்தில் வளர்த்த கணையச் செல்களை முழு அளவில் பெற்ற 12 பேரில் 10 பேருக்கு ஒரு வருடத்துக்குப்பின் இன்சுலின் தேவைப்படவில்லை என்ற முடிவு வந்தது. என்னைப் போன்றவர்கள் பல வருடம் காத்திருந்த செய்தி. அதே கட்டுரையில்தான் அவர்கள் எதிர்ப்பை அடக்கும் மருந்தைத் தொடர்ந்து எடுக்க வேண்டும் என்பதும், ஆய்வில் இருந்த ஒருவர் மூளை உறைத் தொற்றால் இறந்தார் என்பதும் இருக்கிறது. விளம்பரத்தில் இது வராது. அதே வருடம் பார்க்கின்சன் நோய்க்கு வந்த இரண்டு ஆய்வுகளில் ஒன்றில் 12 பேர், மற்றதில் 7 பேர். பாதுகாப்பானதா என்று பார்ப்பதே முதல் நோக்கம். அந்த ஆராய்ச்சியில் பயன்பட்ட செல்லுக்கும், இங்கே கொழுப்பில் எடுத்து ஏற்றும் கலவைக்கும் பெயரைத் தவிர வேறு தொடர்பில்லை.

"பக்கத்து வீட்டுப் பையனுக்கு நல்லா ஆச்சே" என்பார்கள். பக்கவாதம் வந்தவர்களில் பலருக்கு முதல் சில மாதங்களில் தானாகவே ஓரளவு முன்னேற்றம் வரும். வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தையும் வளர்ந்துகொண்டேதான் இருக்கிறது, புது வார்த்தை கற்கத்தான் செய்யும். அதோடு இந்த மையங்கள் ஊசியுடன் தீவிர இயன்முறைப் பயிற்சியும் கொடுக்கின்றன. பலன் தந்தது எது? ஒப்பிட்டுப் பார்க்கும் ஆய்வு இல்லாமல் யாராலும் சொல்ல முடியாது. பெற்றோரை நான் குறை சொல்லவில்லை. குழந்தைக்காக எதையும் செய்யத் தயாராக இருப்பவர்களிடம் போய், ஆதாரம் இல்லாததை விற்பவர்கள்மேல்தான் என் கோபம்.

ஆய்வில் சேர்க்கிறோம் என்று சொன்னால் உடனே பணம் கேட்கிறார்களா என்று பாருங்கள். முறையான மருத்துவ ஆய்வில் சோதனைச் சிகிச்சைக்கு நோயாளியிடம் கட்டணம் வாங்குவது வழக்கமே இல்லை. ஆய்வுப் பதிவேட்டில் பெயர் இருக்கிறது என்று காட்டினால் நம்பிவிடாதீர்கள். பதிவு வேறு, அனுமதி வேறு. ஃப்ளோரிடாவில் கண் போன பெண்களில் இருவர் அரசுப் பதிவேட்டில் பார்த்துத்தான் அங்கே போனார்கள். நெறிமுறைக் குழுவின் ஒப்புதலையும் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதியையும் எழுத்தில் கேளுங்கள். இந்தக் குறிப்பிட்ட நோய்க்கு, இந்தக் குறிப்பிட்ட செல்லுக்கு அனுமதி உண்டா என்று கேளுங்கள். மழுப்பினால் வந்துவிடுங்கள். பக்கவிளைவே இல்லை என்று சொல்பவரிடம் பேச்சை வளர்க்கவே வேண்டாம். பக்கவிளைவு இல்லாத சிகிச்சையை என் வாழ்நாளில் பார்த்ததில்லை. எக்ஸோசோம் (செல்கள் வெளியிடும் நுண்துகள்கள்) என்று புதுப் பெயரில் வந்தாலும் இதே கேள்விகள்தான். பணம் கட்டும் முன், அந்த நோயைத் தினமும் பார்க்கும் ஒரு மருத்துவரிடம், அந்த மையத்தோடு சம்பந்தமில்லாத ஒருவரிடம், ஒரு வார்த்தை கேளுங்கள். எத்தனை முறை வேண்டுமானாலும் கேளுங்கள், எங்களுக்குச் சலிப்பு இல்லை.

தொப்புள்கொடி ரத்தத்தைத் தனியார் வங்கியில் சேமிப்பது பற்றியும் கேட்கிறார்கள். 1988-ல் பாரிஸில் எலியான் குளூக்மன் குழு செய்த முதல் தொப்புள்கொடி ரத்த மாற்று, சிறுவனின் தங்கையுடைய ரத்தத்தில் நடந்தது. குழந்தைக்கு மரபணு நோய் இருந்தால் அதன் சொந்தத் தொப்புள்கொடி ரத்தத்திலும் அதே கோளாறு இருக்கும். குடும்பத்தில் ஏற்கெனவே ரத்தநோய் உள்ள குழந்தை இருந்தால் ரத்தவியல் மருத்துவரைக் கேட்டு முடிவெடுங்கள். மற்றவர்கள், வசதி இருக்கும் இடத்தில் பொது வங்கிக்குக் கொடுத்தால் முன்பின் தெரியாத யாரோ ஒருவருக்கு உதவும்.

ஏற்கெனவே ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு ஒரு வேண்டுகோள். திட்டுவார்களோ என்று பயந்து மறைக்காதீர்கள். காய்ச்சல், கடும் தலைவலி, கழுத்து விறைப்பு, மூச்சுத்திணறல், பார்வை மங்கல், ஊசி போட்ட இடத்தில் வீக்கம் ஏதாவது இருந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். வருடங்கள் கழித்துப் புதிதாக வலியோ உணர்விழப்போ வந்தாலும், முன்பு இப்படி ஒரு ஊசி போட்டேன் என்று முதலிலேயே சொல்லுங்கள். ஸ்கேனில் தெரியும் கட்டியை நாங்கள் எப்படிப் பார்ப்போம் என்பதே அதனால் மாறும். அந்த மையத்திலிருந்து என்ன செல், எந்தத் தேதி, எந்தத் தொகுப்பு எண் என்ற விவரத்தைக் கேட்டு வாங்கி வையுங்கள். கொடுக்க மறுத்தால், மறுத்தார்கள் என்பதையும் தேதி போட்டு எழுதி வைத்து, மருத்துவரைப் பார்க்க வரும்போது அந்தத் தாளையும் எடுத்து வாருங்கள்.