புரொப்பகண்டா: பிரசாரமா, பரப்புரையா?

தேர்தல் வந்துவிட்டால் திருகோணமலையில் ஓட்டோவின் கூரையில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு, வேட்பாளரின் இலக்கத்தைக் கத்திக்கொண்டே போவார்கள். அதற்குப் பெயர் பிரசாரம். செய்தியில் வரும்போது அதுவே ‘தேர்தல் பரப்புரை’ ஆகிவிடும். ஹிட்லரின் அமைச்சர் கோயபல்ஸ் செய்ததை ஆங்கிலத்தில் ‘புரொப்பகண்டா’ (propaganda) என்பார்கள்; அதற்கும் நாம் இதே சொற்களைத்தான் வைத்திருக்கிறோம். உயர்தர வகுப்பில் அரசியல் விஞ்ஞானமோ சித்திரமோ படிக்கும் பிள்ளைகள் தடுமாறுகிற இடம் இது. ஓட்டோக்காரருக்கும் கோயபல்சுக்கும் ஒரே சொல்லா?

புரொப்பகண்டா இலத்தீன் மொழியிலிருந்து வந்தது. வேர்ச்சொல் ‘புரொப்பகாரே’, அது தோட்டக்காரர்களின் சொல். மல்லிகைக் கொப்பொன்றை வளைத்து, கணுவுக்குக் கீழே தோலைக் கொஞ்சம் சீவி, மண்ணுக்குள் புதைத்து, நிமிராமல் இருக்க மேலே ஒரு கல்லை வைத்துவிட்டால் சில வாரங்களில் அந்த இடத்தில் வேர் விடும். பிறகு தாய்ச்செடியிலிருந்து வெட்டி வேறிடத்தில் நடலாம். விவசாயப் பாடநூல் இதைப் பதிவைத்தல் என்கிறது. உரோமர்கள் திராட்சைக் கொடியை இப்படித்தான் பெருக்கினார்கள். புரொப்பகண்டா என்றால் ‘பரப்பப்பட வேண்டியது’.

சொல்லை உலகம் முழுக்கக் கொண்டுபோனது கத்தோலிக்கத் திருச்சபை. பாப்பரசர் 15ஆம் கிரகோரி 1622இல் உரோமில் ஒரு பேராயத்தை நிறுவி, விசுவாசத்தைப் பரப்பும் வேலையை அதனிடம் ஒப்படைத்தார். ‘புரொப்பகண்டா ஃபிதே’ என்பது அதன் பெயர். மறைபரப்பு நாடுகளின் திருச்சபைகளை அதுதான் கவனித்தது. 1893இல் உருவான திருகோணமலை மறைமாவட்டமும் அந்த ஏற்பாட்டுக்குள் வந்ததுதான். நம் கோயில்களில் வருடாவருடம் ‘மறைபரப்பு ஞாயிறு’ கொண்டாடுகிறார்களே, அந்த ‘மறைபரப்பு’ கிரகோரியார் வைத்த பெயரின் நேர்த்தமிழ். அதில் ஒரு களங்கமும் ஒட்டவில்லை. தமிழ்நாட்டுக் கட்சிகளில் இருக்கும் ‘கொள்கை பரப்புச் செயலாளர்’ பதவியும் அப்படித்தான். ஆங்கிலத்தில் அது புரொப்பகண்டா செயலாளர். இங்கிலாந்தில் இன்று எந்தக் கட்சியும் ஒருவருக்கு அப்படியொரு பட்டம் கொடுக்கத் துணியாது. தமிழில் அது மரியாதையான பதவி.

பெயர் கெடத் தொடங்கியது முதலாம் உலகப் போரில். போரிட்ட நாடுகள் எதிரியைப் பற்றிக் கட்டிவிட்ட கதைகள் பிறகு வெளிப்பட்டபோது, சொல்லின் மீதே மக்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஆனாலும் 1933இல் நாஜிகள் அமைச்சு தொடங்கியபோது, ‘மக்கள் அறிவூட்டல், புரொப்பகண்டா அமைச்சு’ என்று வெட்கமில்லாமல் பெயர்ப்பலகை மாட்டினார்கள். பிறகு அந்தச் சொல்லை யாராலும் கழுவி எடுக்க முடியவில்லை. உரோமாபுரிப் பேராயமே 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தன் பெயரை மாற்றிக்கொண்டது. சீனக் கம்யூனிஸ்ட் கட்சியும் தன் புரொப்பகண்டாத் திணைக்களத்தின் சீனப் பெயரை அப்படியே விட்டுவிட்டு, ஆங்கிலப் பெயரிலிருந்து மட்டும் இந்தச் சொல்லை நீக்கிவிட்டது. பிரேசிலில் மட்டும் கவலையில்லை. அங்கே சவர்க்கார விளம்பரமும் புரொப்பகண்டாதான்.

சரி, இந்தக் கெட்ட பொருளைத் தமிழில் எப்படிச் சொல்வது? நம் பத்திரிகைகள் ‘பொய்ப் பிரசாரம்’, ‘விஷமப் பிரசாரம்’ என்று ஓர் அடைமொழியைச் சேர்க்கின்றன. எனக்கு அதில் திருப்தியில்லை. புரொப்பகண்டா பொய் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றில்லை.

1937 ஜூலை 19இல் மியூனிக் நகரில் நாஜிகள் திறந்த ‘சீரழிந்த கலை’ என்ற கண்காட்சியைப் பாருங்கள். அரும்பொருட்காட்சிச் சாலைகளிலிருந்து பறித்த சுமார் 650 நவீனப் படைப்புகள் அங்கே இருந்தன. எல்லாம் அசல். ஆனால் ஒடுங்கிய அறைகளில் நெருக்கியடித்து, சிலவற்றைக் கோணலாக மாட்டி, சுவரில் கேலி வாசகங்களை எழுதிவைத்திருந்தார்கள். பல ஓவியங்களின் பக்கத்தில், மக்களின் வரிப்பணத்தில் இன்ன விலைக்கு வாங்கப்பட்டது என்ற சீட்டு. அதிலும் ஒரு தந்திரம்: சில விலைகள் 1920களின் தொடக்கத்தில் ஜேர்மன் நாணயம் மதிப்பிழந்து கிடந்த காலத்துக்குரியவை. அப்போது ஒரு பாணுக்கே கோடிக்கணக்கில் மார்க் கொடுத்தார்கள். அதைச் சொல்லாமல் தொகையை மட்டும் எழுதிவிட்டார்கள். அந்தச் சீட்டில் இருந்த எண் பொய்யில்லை, பார்த்தவர்தான் ஏமாந்தார். இதைப் ‘பொய்ப் பிரசாரம்’ என்று எப்படி மொழிபெயர்ப்பது?

அதற்கு முந்திய நாள்தான் அதே நகரில் ‘மாபெரும் ஜேர்மன் கலைக் கண்காட்சி’யை ஹிட்லர் திறந்துவைத்திருந்தார். விசாலமான மண்டபம், கட்டுமஸ்தான உடல்கள், உழவர் குடும்பங்கள். ஒன்று எதை வணங்க வேண்டும் என்று காட்டியது, மற்றது எதைப் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்று காட்டியது. எமில் நோல்டே என்ற ஓவியர் நாஜிக் கட்சிக்காரர், யூத வெறுப்பாளர். அவருடைய படங்களும் சீரழிந்த பக்கத்தில்தான் தொங்கின. அவருடைய ஆயிரத்துக்கும் மேற்பட்ட படைப்புகளைப் பறிமுதல் செய்தார்கள். விசுவாசம் அவரைக் காப்பாற்றவில்லை.

இந்த இடத்தில் ‘பரப்புரை’ தற்செயலாக ஒரு உதவி செய்கிறது. பரப்புதலுக்குப் பக்கத்திலேயே இருக்கும் ‘பரவுதல்’ என்ற வினைக்குப் பழந்தமிழில் துதித்தல், போற்றுதல் என்றும் பொருள். தேவாரம் ஓதுபவர்களுக்கு இது தெரியும். ஸ்டாலினையும் மாவோவையும் வரைந்த ஓவியங்கள் இந்த இரண்டாவது பொருளில் பரவியவை. மாவோ இளைஞராக அன்யுவான் சுரங்கத்துக்கு நடந்து போகும் 1967ஆம் ஆண்டு ஓவியம் கோடிக்கணக்கில் அச்சிடப்பட்டு வீட்டுச் சுவர்களில் ஏறியது.

அப்படியானால் அரசர் புகழ் பாடுவதெல்லாம் புரொப்பகண்டாவா என்று கேட்கலாம். இராஜராஜசோழனின் மெய்க்கீர்த்தி அவன் வென்ற நாடுகளில் ஈழத்தையும் சேர்த்துச் சொல்கிறது. இங்கே திருகோணமலைப் பெரியகுளத்தில் இருக்கும் வெல்கம் விகாரைக்கே சோழர் காலத்தில் இராஜராஜப்பெரும்பள்ளி என்று பெயர் விழுந்தது. பெருமை பரப்புவதுதான், மறுக்கவில்லை. ஆனால் சோழநாட்டுச் சிற்பி ஒவ்வொருவரும் உளி பிடிக்க அனுமதிச் சீட்டு வாங்கவில்லை. கோயபல்சின் கலாசாரச் சபையில் உறுப்பினராக இல்லாதவர் ஓவியத்தைத் தொழிலாகவே செய்ய முடியாது. 1941இல் நோல்டேயை அதிலிருந்தும் வெளியேற்றினார்கள். சோவியத்தில் 1932இல் கலைக்குழுக்கள் எல்லாவற்றையும் கலைத்துவிட்டு, கட்சியின் மேற்பார்வையில் ஒரே சங்கம் என்றாக்கினார்கள். மற்றக் குரல்கள் அடங்கிப்போவதுதான் வித்தியாசம்.

அதனால் நான் எழுதும்போது இப்படிப் பிரித்துக்கொள்கிறேன். தேர்தலுக்கும் டெங்கு ஒழிப்புக்கும் ‘பிரசாரம்’ தாராளமாகப் போதும். ‘பரப்புரை’ தூய தமிழ், பொதுச்சொல்லாக நல்லது. சர்வாதிகார அரசின் புரொப்பகண்டாவுக்கு ‘அரசுப் பரப்புரை’ அல்லது ‘ஏகப் பரப்புரை’. இரண்டாவதை அகராதியில் தேடாதீர்கள், நான் போட்டதுதான். ஒரே குரல் என்பது அதில் விழுவதால் பிடித்திருக்கிறது.

ரஷ்யர்களின் ‘அகிட்புரொப்’ வேறு சிக்கல். அது கிளர்ச்சியூட்டலும் புரொப்பகண்டாவும் சேர்ந்த சுருக்கம். ரஷ்ய மார்க்சியச் சிந்தனையாளர் பிளெக்கானவ் இரண்டையும் பிரித்தார்: சிலருக்குப் பல கருத்துகளை விளக்கினால் புரொப்பகண்டா, பெருங்கூட்டத்துக்கு ஒன்றிரண்டு கருத்தை மட்டும் ஏற்றினால் கிளர்ச்சியூட்டல். அந்தக் கணக்கில் நம் ஓட்டோக்காரர் செய்வது இரண்டாவது.