காற்றின் வேகம் தெரிய அலையைப் பார்க்காதீர்கள்

ஆடி மாதம் பாம்பன் சாலைப் பாலத்தின் நடுவில் நின்றால் தெற்கே மன்னார் வளைகுடா கொந்தளித்துக் கிடக்கும். வடக்கே, பாக் விரிகுடாப் பக்கம், அலை அவ்வளவாக இருக்காது. இரண்டு பக்கமும் அடிப்பது அதே தென்மேற்குக் காற்றுதான். அப்புறம் ஏன் இந்த வித்தியாசம்?

அலை வளர, காற்று தண்ணீர்மேல் வெகுதூரம் ஓடிவர வேண்டும். தெற்கே திறந்த கடல், ஓடிவர இடம் இருக்கிறது. வடக்கே தீவைத் தாண்டியதும் காற்று முதலிலிருந்து தொடங்கவேண்டியிருக்கிறது. போதாக்குறைக்கு, கன்னியாகுமரிக் கரையில் காற்றே இல்லாத நாளில்கூட கள்ளக்கடல் ஏறி வரும். அது பல ஆயிரம் கிலோமீட்டர் தெற்கே என்றைக்கோ அடித்த புயலின் அலை. ஆக, இப்போது இங்கே என்ன காற்று என்று கேட்டால் அலையின் உயரம் பொய்சாட்சி சொல்லும்.

பார்க்க வேண்டியது தண்ணீரின் மேல்தோலை. ஊர்க் குளத்தில் காற்று வீசும்போது ஒரு கருந்திட்டு நகர்ந்து போவதைப் பார்த்திருப்பீர்கள். அசையாத நீர், அடிவானத்தின் வெளிச்சத்தைக் கண்ணாடிபோல் நம் கண்ணுக்கு அனுப்புகிறது. காற்று பட்டதும் ஓரிரு சென்டிமீட்டர் நீளச் சிற்றலைகள் எழுந்து, நீர்ப்பரப்பு சின்னச் சின்ன சரிவுகளாக உடைகிறது. நம்மை நோக்கிச் சாய்ந்த சரிவுகள் உச்சி வானத்தின் கருநீலத்தைக் காட்டுகின்றன. இந்தச் சிற்றலைகளைத் தட்டையாக்குவது பெரும்பாலும் பரப்பு இழுவிசை. காற்று நின்ற சில நொடிகளில் அவை அடங்கிவிடும். அதனால்தான் அவை பழங்கதை பேசுவதில்லை.

காற்று வலுத்தால் நுரையைப் பார்க்கலாம். கடலில் மணிக்கு 12 கிலோமீட்டருக்குக் கீழே வெள்ளையே தெரியாது. 19 வரை அங்கொன்றும் இங்கொன்றுமாக. 20-ஐத் தாண்டினால் அடிக்கடி. 30-க்கு மேல் கண்ட இடமெல்லாம். 50-ஐத் தாண்டியதும் நுரை காற்றின் திசையில் கோடுகோடாக இழுபடும். வேகம் இரட்டித்தால் நுரை மூடும் பரப்பு எட்டு, பத்து மடங்காகிவிடும். கண்ணுக்கு அது தப்பாது. ஏரியில் இந்தக் கணக்கு அப்படியே செல்லாது. உப்புநீரில் குமிழ்கள் ஒன்றோடொன்று சேராமல் பொடியாகவே நின்று நுரையைத் தாங்கும். நன்னீரில் சட்டென்று உடைந்துவிடும்.

இந்த வரிசைக்கு போஃபர்ட் அளவுகோல் என்று பெயர். வேடிக்கை என்னவென்றால், 1805-06 வாக்கில் அதை வகுத்த பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி போஃபர்ட் கடலைப் பார்த்து அளக்கவில்லை. போர்க்கப்பல் எத்தனை பாய் விரிக்க முடியும் என்பதுதான் அவர் கணக்கு. நீராவிக் கப்பல் வந்ததும் பாய் போயிற்று. 1920-களில் பீட்டர்சன் என்ற ஜெர்மன் கப்பல் தலைவர்தான் ஒவ்வொரு எண்ணுக்கும் கடலின் தோற்றத்தைப் பொருத்தினார்.

படகில் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். காற்று முதுகில் அடிக்கும்போது முன்னே தெரிவது அலைகளின் வழவழப்பான பின்புறம்; நுரை மறுபக்கம் சரிகிறது. கடல் சாதுவாகத் தோன்றும். திரும்பிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

2009-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன ஓஷன்சாட்-2 செயற்கைக்கோளும் சுமார் 720 கிலோமீட்டர் உயரத்திலிருந்து இதே வேலையைத்தான் செய்தது. அதன் ரேடார் கதிரின் அலைநீளம் 2 சென்டிமீட்டர் சொச்சம். சிற்றலைகள் எவ்வளவு கதிரைத் திருப்பி அனுப்புகின்றன என்று அளந்து காற்றைக் கணித்தது. பலத்த மழை பெய்தால் மட்டும் தடுமாறும். துளி விழுந்த தண்ணீர் நம் கண்ணையும் அப்படித்தான் குழப்புகிறது.