பின்னோக்கிப் பார்த்தால் தெரிவதும் முன்னோக்கிப் பார்த்தால் தெரிவதும்

பாலியல் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்ட ஆண்களின் சிறுவயதைக் கிளறினால், பெரும்பாலும் துயரமே வெளிவருகிறது. அமெரிக்காவில் ஜில் லெவன்சனும் சக ஆய்வாளர்களும் அத்தகைய 679 ஆண்களிடம், வசவு, அடி, புறக்கணிப்பு, பாலியல் கொடுமை, பெற்றோரின் பிரிவு முதலான 10 வகைத் துன்பங்களைப் பற்றிக் கேட்டனர். எதையும் அனுபவிக்கவில்லை என்றவர்கள் 16 சதவீதத்துக்கும் குறைவு. நான்கு அல்லது அதற்கு மேற்பட்டவற்றை அனுபவித்தவர்கள் ஏறத்தாழப் பாதிப் பேர்.

இதைப் படித்தவுடன், பாலியல் கொடுமைக்கு ஆளான சிறுவன் பிற்காலத்தில் அதையே செய்வான் என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். அது பெரும் பிழை. காய்ச்சலால் மருத்துவமனையில் படுத்திருப்பவர்களை மட்டும் எண்ணிவிட்டு, வீட்டிலேயே குணமானவர்களைக் கணக்கில் சேர்க்காமல் விடுவதைப் போன்றது அது. உண்மை தெரிய வேண்டுமானால், குழந்தையிலிருந்து தொடங்கி முன்னோக்கிப் பின்தொடர வேண்டும்.

அப்படிச் செய்த ஆய்வொன்று 2003-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வெளிவந்தது. லண்டன் மருத்துவமனையொன்றில் சிறுவயதில் சிகிச்சைக்கு வந்த, பாலியல் கொடுமைக்கு ஆளான 224 ஆண்களின் பதிவேடுகளைப் பல ஆண்டுகளுக்குப் பின் ஆராய்ந்தபோது, பாலியல் குற்றம் புரிந்ததாகத் தெரியவந்தவர்கள் 26 பேர். பதிவேட்டில் ஏறாத குற்றங்களும் இருக்கக்கூடும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் மிகப் பெரும்பான்மையோர் அவ்வழியில் செல்லவில்லை. சென்றவர்களிடம் கவனிப்பாரற்ற வளர்ப்பும், வீட்டுக்குள் கடும் வன்முறையைக் கண்ட அனுபவமும் கூடுதலாகக் காணப்பட்டன.

அமெரிக்க உளவியலாளர் கேத்தி ஸ்பாட்ஸ் விடம் என்பவர் செய்த ஆய்வு இதை மேலும் தெளிவாக்கியது. 1967 முதல் 1971 வரை அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதி நீதிமன்றங்களில் கொடுமையோ புறக்கணிப்போ உறுதிசெய்யப்பட்ட 908 குழந்தைகளையும், அவர்களோடு வயதிலும் பின்னணியிலும் ஒத்த 667 குழந்தைகளையும் அவர் நடுவயதுவரை தொடர்ந்தார். அடிபட்டவர்களும் புறக்கணிக்கப்பட்டவர்களும் பாலியல் குற்றத்துக்காகக் கைதாகும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது என்றும், பாலியல் கொடுமைக்கு ஆளானவர்களிடம் அத்தொடர்பு புள்ளியியல் அளவில் உறுதிப்படவில்லை என்றும் 2015-இல் அவர் எழுதினார்.

புறக்கணிப்புக்கு ஏன் இவ்வளவு வலிமை? தன் கோபத்தையும் பயத்தையும் அடக்கக் குழந்தை தானாகக் கற்பதில்லை. அழும்போது எடுத்து அணைக்கும் கைகளிடமிருந்தே கற்கிறது. அந்தக் கைகள் அடித்தாலோ வராமலே போனாலோ, உடல் எந்நேரமும் ஆபத்தை எதிர்பார்த்தே பழகிவிடுகிறது. பிறர் முகத்தில் தெரியும் வலியைப் படிக்கவும், ஒத்த வயதினரிடம் நம்பி நெருங்கவும் இயலாமல் போகலாம். இந்தத் தனிமைக்கும் பாலியல் குற்றத்துக்கும் தொடர்புண்டு என்று கனடாவின் உளவியலாளர் வில்லியம் மார்ஷல் 1989-லேயே வாதிட்டார். இது ஒரு பாதையே தவிர முழு விளக்கமன்று. பாலியல் கொடுமைக்குச் சிறுவர்களைவிடச் சிறுமியரே அதிகம் ஆளாகின்றனர். ஆனால் பாலியல் குற்றவாளிகளில் மிகப் பெரும்பாலோர் ஆண்கள். கொடுமை மட்டுமே காரணமாக இருந்தால் இக்கணக்கு தலைகீழாக அல்லவா இருந்திருக்க வேண்டும்?

பின்னோக்கிப் பார்ப்பதற்கும் முன்னோக்கிப் பார்ப்பதற்கும் உள்ள இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் விடுவதன் சுமை, சிறுவயதில் பாதிக்கப்பட்டு இன்று தந்தையாகியிருக்கும் ஆண்கள் மீதே விழுகிறது. தன் குழந்தையைக் குளிப்பாட்டவும் அஞ்சி ஒதுங்கும் ஒருவரிடம் மருத்துவர் முதலில் எடுத்துக்காட்ட வேண்டியது, அந்த 224 பேரில் எஞ்சிய 198 பேரை.